படத்தின் இரண்டு ஓரங்கள்

போன வார அத்தியாயத்தை டெலிபோன் அறுந்த இடத்தில் நிறுத்தினோம். "ஹொங்கொங் வழியா வர்றேன்க்கா, இப்போ ப்ளேன் ஏறப்போறேன்" என்று வன்கூவர் விமான நிலையத்திலிருந்து தனபாலன் கத்தினான். அடுத்த சொல் வருவதற்குள் லைன் செத்துப்போனது. பக்கத்து வீட்டுப் பளீல் நானாவின் கூடத்தில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வருவே தம்பி? எப்ப வருவே?" என்று ஞானேஸ்வரி வெறும் காற்றிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்பிட்டிய மேட்டு வீட்டில் அவர்களுடைய அம்மா வடிவம்மா காலமாகி இன்று மூன்றாம் நாள்.

இன்று போயா, பௌர்ணமி லீவு. அதுவும் கண்டிப் பெரஹரா ஊர்வலம் முடிகிற போயா. கண்டி டவுனில் விமான டிக்கட் விற்கிற கந்தோர் பூட்டு. கொழும்பில் விசாரிக்கலாமென்றால் அங்கேயும் பூட்டு. நேற்று மாலை கந்தோர் மூடுவதற்குள் மூத்தவன் இராமநாதன் ஓடிப்போய்க் கேட்டு வந்த ஒரு சேதிதான் கையில் இருந்தது. ஹொங்கொங்கிலிருந்து இன்று காலை ஒரு விமானம் புறப்பட்டு மத்தியானம் கட்டுநாயக்கவில் இறங்கும். அதை விட்டால் ஞாயிற்றுக்கிழமைதான்.

வன்கூவரிலிருந்து ஹொங்கொங்குக்கு எவ்வளவு நேரம் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. அம்மாவைக் கூடத்தில் கிடத்திவிட்டு ஓடியவனுக்கு எல்லாக் கேள்வியும் தோன்றுமா?

ஆகவே வீட்டில் எல்லோர் வாயிலும் ஒன்றுதான். நம் நேரத்துக்கு நேற்று மத்தியானம் வன்கூவரில் ஏறிய தம்பி, இன்று காலை ஹொங்கொங் விமானத்தைப் பிடித்திருப்பானா, மாட்டானா?

பிடித்திருந்தால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவான். நாளைக் காலை எடுக்கலாம். பிடிக்கவில்லையென்றால் காத்திருந்து பயனில்லை, நாளைக்குமேல் உடம்பு தாங்காது என்று உடம்பைப் பதப்படுத்தித் தந்த மலர்ச்சாலைக்காரர் சொல்லிவிட்டார்.

"அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். அதுதான் முறை" என்றார் கறுப்பையா மாமா. கெலிஓயாவில் புடவைக் கடை வைத்திருப்பவர், வடிவம்மாவின் ஒரே தம்பி. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில வீட்டுப் பொம்பளைய அனுப்ப எனக்கு மனசில்ல. ஆனா சின்னவன் வந்துருவான்னு தெரிஞ்சா வெள்ளியாவது கிள்ளியாவது, காத்திருப்போம். அக்காவுக்கு அவன் கையாலதான் கொள்ளி. வரமாட்டான்னா, பெரஹராவுக்கு ரோட்டை மூடுறதுக்கு முன்னாடி இன்னிக்கே எடுத்துடணும். ரெண்டுல ஒண்ணு இப்பவே தெரியணும்."

"எப்படி மாமா தெரியும்?" என்றான் இராமநாதன். முகம் வீங்கியிருந்தது.

"தூரத்தை அளந்தா தெரிஞ்சிரும். நம்ம ஞானம் பூகோள டீச்சர்தானே? அந்தப் படம் எங்க?"

படம் ஞானேஸ்வரியின் அறைச் சுவரில்தான் தொங்கியது. பள்ளிக்கூடத்து உலகப் படம். ஓரம் கிழிந்திருந்ததால் லீவில் ஒட்டி எடுத்துப்போகலாமென்று கொண்டுவந்திருந்தாள். கதவை ஒருக்களித்துவிட்டு மூன்று பேரும் அதன்முன் நின்றார்கள். கூடத்தில் ஒப்பாரி ஓய்ந்து ஓய்ந்து எழுந்தது.

மாலை கட்ட வாங்கிய நூல்கண்டை மாமா கையோடு எடுத்து வந்திருந்தார். கடையில் எத்தனையோ வருஷம் அளந்து கிழித்த கை. அளவென்று வந்தால் அவருக்கு ஒரு தனி நிமிர்வு வந்துவிடும், அக்கா செத்த வீடானாலும் சரி.

"கொழும்பு இதுதானே? லண்டன் இது. என் மகன் லண்டன் போனப்ப ராத்திரி ஏறினான், விடிய இறங்கிட்டான். அப்ப இந்தத் தூரம் ஒரு ராத்திரி." கொழும்பில் நூலை வைத்து லண்டன்வரை இழுத்து, பல்லால் கடித்து அறுத்தார். "இப்ப வன்கூவர் எங்க?"

ஞானேஸ்வரி இடது பக்க ஓரத்தைக் காட்டினாள்.

"ஹொங்கொங்?"

வலது பக்கத்தைக் காட்டினாள்.

"அடேயப்பா! இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமா? அந்த நுனியைப் பிடிம்மா."

பிடித்தாள். மாமா வன்கூவரில் பெருவிரலை ஊன்றினார். நூல் கனடாவைத் தாண்டி, அத்திலாந்திக் கடலைத் தாண்டி, ஐரோப்பாவைத் தாண்டி, ரஷ்யாவின் வயிற்றை உரசிக்கொண்டு அவள் விரலடிக்கு வந்து விறைத்து நின்றது. லண்டன் துண்டை அதன்மேல் வைத்து வைத்துப் பார்த்தார் மாமா.

"ரெண்டு... ரெண்டரை மடங்கு. ரெண்டரை ராத்திரின்னா முப்பது மணி நேரம்! நேத்து மத்தியானம் ஏறினவன் இன்னிக்குப் பொழுது சாயத்தான் ஹொங்கொங்குல இறங்குவான். காலையில போற ப்ளேன் அவனுக்கா காத்துக்கிட்டு நிக்கும்?"

இராமநாதன் படத்தையே பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். "சரிதானா ஞானம்?"

அது சரியில்லை என்று ஞானேஸ்வரிக்குத் தெரியும். புடவைக்கு இரண்டு கரை, ஒரு கரை மற்றக் கரையோடு சேர்வதில்லை. மாமா போட்டது புடவைக் கணக்கு. ஆனால் உலகப் படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே இடம். வருஷா வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் இதே படத்தைச் சுருட்டி, இரண்டு ஓரத்தையும் ஒட்டவைத்து, "பாருங்க பிள்ளைகளா, இவ்வளவு கிட்ட இருக்கிறதைத்தான் படத்துல பிரிச்சு வச்சிருக்காங்க" என்று சொல்பவள் அவள்தான்.

வன்கூவரில் ஏறிய விமானம் ஐரோப்பாவைச் சுற்றாது. மறுபக்கமாகப் பசிபிக் கடலின்மேல் பறந்து ஹொங்கொங்குக்கு வரும். கொழும்பிலிருந்து லண்டன் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரு ராத்திரியும் ஒரு துண்டும். இன்று காலை விமானத்தைத் தம்பி தாராளமாகப் பிடித்திருப்பான்.

வாயைத் திறந்து சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"ரொம்பத் தூரந்தான் அண்ணா" என்றாள்.

பொய் என்று சொல்லிவிட முடியாது. வன்கூவர் எப்படிப் பார்த்தாலும் தூரம்தானே? இப்படியொரு சமாதானத்தை மனசு அவளுக்குச் சுடச்சுடத் தயாரித்துக் கொடுத்தது. நூலை விட்ட பிறகும் விரல் மட்டும் படத்தின்மேலேயே இருந்தது.

"அப்ப ஆக வேண்டியதைப் பார்ப்போம்" என்று மாமா கதவைத் திறந்தார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. ராகு காலத்துக்கு முன் எடுக்க வேண்டும். குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தி, நெற்றியில் திருநீறு இட்டார்கள். அம்மாவுக்கு வாய்க்கரிசி போடும்போது ஞானேஸ்வரியின் கை தவறி அரிசி கழுத்தில் விழுந்தது. 'இப்போது சொல்லிவிடு, இன்னும் நேரமிருக்கிறது' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதற்குள் பின்னால் நின்ற பெண் அவளை மெதுவாக நகர்த்திவிட்டு முன்னே வந்தாள். ஞானேஸ்வரியும் நகர்ந்துகொண்டாள்.

வண்டி மகியாவை மயானத்துக்குப் புறப்பட்டபோது மற்றவர்களைவிட அவள்தான் சத்தம் போட்டு அழுதாள். 'பத்து வருஷமா அம்மாவைப் பார்த்துக்கிட்டவளாச்சே' என்று பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள்.

பிணம் போன வீட்டைக் கழுவிவிட வேண்டும். இராமநாதனின் மனைவி சுந்தரி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, ஞானேஸ்வரி விளக்குமாறால் தள்ளினாள். பூவும் பொரியும் தண்ணீரில் மிதந்து வாசல்படி இறங்கின.

"சின்னவர் கேட்டா துடிச்சுப் போயிருவார் ஞானம்" என்றாள் சுந்தரி. "எண்பத்து மூணு கலவரத்துல கடையை எரிச்சப்ப போனவர். பன்னிரண்டு வருஷமாச்சு. அம்மாவுக்கு இதையாவது செய்யலாம்னு ஓடி வர்றாரு. என்ன செய்யிறது, உலகம் அவ்வளவு பெரிசா இருக்கு."

ஞானேஸ்வரி விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

"தங்கச்சி!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பளீல் நானாவின் குரல். "தங்கச்சி, சுறுக்கா வாங்க. ஒங்கட தம்பி லைன்ல நிக்கிறார்!"

ஈரக் காலோடு ஓடினாள். ஓடும்போதே தெரியும். வன்கூவரிலிருந்தோ ஹொங்கொங்கிலிருந்தோ இல்லை, எங்கிருந்து பேசுகிறான் என்று தெரியும்.

"அக்கா! வந்துட்டேன்க்கா! கட்டுநாயக்கவுல நிக்கிறேன்!" தனபாலனின் குரல் பக்கத்து அறையில் நிற்பதுபோலத் தெளிவாக இருந்தது. "வேன் பிடிச்சிட்டேன். அம்மா வீட்டுலதானே இருக்காங்க? அம்மாவை எடுக்கலைதானே?"

"வா தம்பி" என்றாள். "நேரா வீட்டுக்கு வா."

"மாமாகிட்ட சொல்லி வையக்கா. நான் வந்து கொள்ளி வைக்கிறேன். எடுத்துடாதீங்க."

"வா" என்று மறுபடியும் சொல்லி ரிசீவரை வைத்தாள். வைத்த வேகத்தில் திரும்பினாள். "நானா! மயானத்துக்கு ஓடுங்க நானா! நிப்பாட்டச் சொல்லுங்க! தம்பி வந்துட்டான்னு சொல்லுங்க!"

பளீல் நானா என்ன ஏது என்று கேட்கவில்லை. வேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி இறங்கினார். வேன் சரிவில் உருண்டு போய் மறைந்தது.

அப்புறம் அவள் வாசலிலேயே நின்றாள். சுந்தரி வந்து சேதி கேட்டு, "ஐயோ!" என்று தலையில் கைவைத்து அப்படியே படியில் உட்கார்ந்தாள். ஞானேஸ்வரிக்கு உட்காரக் கால் மடங்கவில்லை. ஊரிலுள்ள தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள். கட்டை அடுக்கப் பிந்தட்டும், தீப்பெட்டி நனையட்டும், அண்ணன் மயங்கி விழட்டும். எதையாவது செய்து ஒரு மணி நேரத்தைப் பிடித்து வையுங்கள், உண்மையை நானே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்று பேரம் பேசினாள்.

வேன் திரும்பி வந்தபோது பளீல் நானா உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கைவைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருந்தார்.

"வாவியைச் சுத்தி ஒரே சனம் தங்கச்சி. பெரஹரா பாக்கப் பாய் விரிச்சிக் குந்திட்டாங்க. பொலிஸ்காரன்கிட்ட கெஞ்சி கெஞ்சிப் போனேன்." தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "போய்ச் சேரக்குள்ள கொள்ளி வச்சிட்டாங்க. நல்லாப் பத்திட்டுது. யார்ட பிழையும் இல்ல, அல்லாஹ்ட நாட்டம்."

யாருடைய பிழையும் இல்லை. அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு ஞானேஸ்வரி வீட்டுக்குள் போனாள். ஈரத் தரையில் அம்மா கிடந்த இடம் எது என்றே தெரியவில்லை.

மயானத்துக்குப் போனவர்கள் குளித்து ஈரத் துணியோடு வந்தார்கள். இராமநாதன் மொட்டைத் தலையோடு, யாரோ எவரோ போலிருந்தான். தம்பி கட்டுநாயக்கவில் இறங்கிவிட்டான் என்ற சேதியைப் பளீல் நானா மயானத்திலேயே சொல்லியிருந்தார். அங்கேயே அழுது முடித்துவிட்டு வந்திருந்தார்கள்போல. 

கறுப்பையா மாமா நேராக ஞானேஸ்வரியின் அறைக்குப் போய்ப் படத்தின்முன் நின்றார்.

"எந்தப் பக்கமாம்மா வந்தான்?"

ஞானேஸ்வரி படத்தின் இடது ஓரத்தைத் தொட்டாள். தொட்ட விரலை வெளிப்பக்கமாக நகர்த்தினாள்.

மாமாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இந்த உருண்டையை நான் நீட்டி அளந்துட்டேனே! பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே!"

"மாமா..."

"உன்னைச் சொல்லலம்மா. நீ என்ன செய்வே? பெத்தவளைப் பறிகொடுத்துட்டு நின்னவளுக்குப் படம் எங்க கண்ணுல தெரியும்? நானில்ல புத்தி கெட்டவன், நானில்ல முந்திக்கிட்டு நூலைப் பிடிச்சவன்." அவளுடைய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ச் சும்மாவே குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

பொழுது சாய்கிற நேரம் தனபாலன் வந்தான். வேனை டவுனுக்குள் விடவில்லையாம். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு, பையைத் தோளில் போட்டபடி மேடேறி நடந்தே வந்திருந்தான். அவன் அரைவழி வரும்போதே பளீல் நானா பார்த்துப் பையை வாங்கிக்கொண்டார். சொல்ல வேண்டியதையும் அவரே சொல்லியிருக்க வேண்டும். வாசலில் காலை வைத்தபோது அவன் அம்மா எங்கே என்று கேட்கவில்லை.

அண்ணனின் மொட்டைத் தலையைப் பார்த்தான். கழுவிவிட்ட கூடத்தைப் பார்த்தான்.

"ஒரு நாள் பொறுக்க முடியலையா?" என்றான். சத்தமே வரவில்லை. "பன்னிரண்டு வருஷம் நான் பொறுத்தேனே. உங்களால ஒரு நாள் பொறுக்க முடியலையா அண்ணே?"

இராமநாதன் அழுதுவிட்டான்.

"அவனைக் கேக்காதீங்க மாப்பிள்ளை." மாமா கதிரையிலிருந்து எழுந்து வந்தார். "நீங்க இன்னிக்கு வரமாட்டீங்கன்னு சொன்னது நான். படத்தை அளந்து சொன்னேன். தப்பா அளந்துட்டேன். எடுங்கன்னு சொன்னதும் நான்தான்."

"அளந்தீங்களா?"

"நூல் வச்சு..."

"என் அம்மாவுக்கு நான் கொள்ளி வைக்கிறதா வேணாமான்னு நூல் வச்சு அளந்தீங்களா?" இப்போது சத்தம் வந்தது. "நாளைக்குச் சாம்பல் எடுக்க நீங்க வர வேணாம். காரியத்துக்கும் வர வேணாம். இனி எதுக்கும் வர வேணாம்."

சுந்தரி, "ஐயோ, தாய்மாமன்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கூடப்பிறந்த அக்காவின் காரியத்துக்கு ஒரே தம்பி வரக் கூடாதென்றால் அந்த மனுஷன் இனி ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்?

மாமா கடையில் வேலையாட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கெலிஓயாச் சந்திவரை கேட்கும். அந்தக் குரலெல்லாம் எங்கே போனதோ. மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, படியிறங்கப் போனார்.

"போகாதீங்க மாமா" என்றாள் ஞானேஸ்வரி.

மாமா திரும்பாமலே கையை ஆட்டினார். "விடும்மா. பிள்ளை சொல்றது ஞாயந்தான்."

"ஞாயமில்லை. மாமா விஷயம் தெரியாம அளந்தாங்க. எனக்குத் தெரியும்." அவள் தம்பியைப் பார்த்துத்தான் சொன்னாள். "நீ எந்தப் பக்கமா வருவேன்னு எனக்குத் தெரியும். காலையில ப்ளேனைப் பிடிச்சிருப்பேன்னும் தெரியும். அண்ணன் என்கிட்ட கேட்டாரு. நான் சொல்லலை."

 இராமநாதன் தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தான். மாமா படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏன்க்கா?" என்றான் தனபாலன். கோபமாகக் கேட்கவில்லை. சின்ன வயதில் ஏதாவது விளங்காவிட்டால் கேட்பானே, அப்படிக் கேட்டான்.

ஞானேஸ்வரி சுவரில் சாய்ந்துகொண்டாள். "அம்மாவுக்குக் கடைசி ரெண்டு வருஷமா என்னை அடையாளம் தெரியலை. எப்பவாவது வந்து போற அண்ணனுக்கும் அண்ணிக்கும்கூடச் சொல்லலை நான். குளிப்பாட்டும்போது 'நீ யார் வீட்டுப் பிள்ளை?'ன்னு கேட்பாங்க. என் கையால கஞ்சியைக் குடிச்சிட்டு, 'என் சின்ன மகன் வந்துட்டானா, பாத்துச் சொல்லும்மா'ன்னு என்னையே அனுப்புவாங்க. வாசல்வரைக்கும் போயிட்டு வந்து, இன்னும் வரலைன்னு சொல்லணும். ஒவ்வொரு நாளும் சொல்லணும். கடைசியிலயும் உன்னைத்தான் கூப்பிட்டாங்க. கொள்ளியும் நீ வந்து வச்சிட்டா..."

 சொன்னது போதும் என்று எல்லோருக்கும் பட்டது. சுந்தரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமாகூட ஒரு அடி அவள் பக்கம் எடுத்து வைத்தார்.

தனபாலன் மட்டும் அசையவில்லை.

"நான் மாசா மாசம் பளீல் நானா வீட்டுக்கு போன் எடுத்தேன்" என்றான் மெதுவாக. "ஒவ்வொரு தரமும் உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான்க்கா கேட்டேன். அம்மா என்னைத் தேடுறாங்களான்னு. தேடினா எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடுறேன்னு சொன்னேன்."

"ஆமா."

"இல்லைன்னு சொன்னே."

"ஆமா" என்றாள் ஞானேஸ்வரி.

இராமநாதன் எழுந்து தம்பியின் தோளைப் பிடிக்க வந்தான். தனபாலன் விலகிக்கொண்டான். வாசலோரம் தன்னுடைய பையை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்ற பளீல் நானாவிடம் போனான்.

"நானா, இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுல படுத்துக்கலாமா?"